தாஸ்குதிக்கின் சராசரி மனிதன்

தாஸ்குதிக் மக்களின் சராசரி உயரம் நூற்று அறுபத்தாறு சென்டிமீட்டர். சராசரி வயது அறுபத்திரண்டு. மக்கள் அனைவரும் ஆண்கள். அனைவருக்கும் இடது கைச் சுண்டுவிரலில் நகம் கிடையாது. அனைவரும் மனைவியை இழந்தவர்கள். அனைவருடைய பெயரும் கைரொல்லா.

இவ்வளவும் நிலையத்தின் ஆண்டறிக்கையில் இருந்தன. நிலையத்தின் முழுப்பெயர் 'நெடுந்தூரப் புழுதியின் நீண்டகால விளைவுகளை மக்கள்தொகை அளவில் கண்டறியும் மைய நிலையம்.' அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவர் இயக்குநர் மட்டும்தான். அதனால்தான் அவர் இயக்குநர் என்று ஓட்டுநர் கோல்யா சொல்வான்.

அணுகுண்டுச் சோதனைத் திடல் குன்றுக்கு அப்பால் இருந்தது. கைரொல்லா சிறுவனாக இருந்தபோது அங்கே வெளிச்சம் வெடிக்கும். ஓடைக்கரையில் குப்புறப் படுங்கள், தலையைத் தூக்காதீர்கள் என்று ராணுவத்தார் சொல்லிவிட்டுப் போவார்கள். ஊரே படுக்கும். ஊரே தலையைத் தூக்கிப் பார்க்கும். பிறகு புழுதி வரும். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்குப் புழுதி வந்தது என்று அரசாணை சொன்னது. இந்தப் பக்கம் வரவில்லை என்றும் அதே ஆணை சொன்னது. காற்று ஆணையை மீறியதாக நிலையத்தில் எந்தப் பதிவும் இல்லை.

நோயாளிகள் எவ்வளவு நோயாளிகள் என்று தெரிய வேண்டுமானால், பக்கத்தில் ஆரோக்கியமான ஓர் ஊரை வைத்துப் பார்க்க வேண்டும். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒப்பீட்டு ஊர் தாஸ்குதிக். ஐம்பது வருடங்களுக்கு முன் நிலையத்து மருத்துவர்கள் வண்டியில் வந்து இறங்கி, நாற்பத்தொரு வீட்டிலும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ஆடு மாடு, ஆளுங்க எல்லாம் சுகமா?" நாற்பத்தொரு வீட்டிலும் ஒரே பதில் வந்தது. "அல்லா கிருபையில எல்லாம் சுகம்." மருத்துவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

வாசலில் வந்து நிற்கும் விருந்தாளியிடம் வேறு எதைச் சொல்வது? சுகமா என்றால் சுகம்தான். பிறகு உட்கார வைத்து, பால் ஊற்றிய தேநீரைக் கிண்ணத்தில் கொடுக்க வேண்டும். முதல் கிண்ணம் முடிவதற்குள் மழையைப் பற்றிப் பேசலாம். இரண்டாவதில் உறவுக்காரர்களைப் பற்றி. மூன்றாவது கிண்ணம் பாதியில் இருக்கும்போதுதான் மெதுவாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு உண்மையான சங்கதியைச் சொல்ல வேண்டும். கறந்த பாலில் ரத்தம் வருகிறது, மருமகளுக்கு நான்காவதும் தங்கவில்லை, இப்படி.

நிலையத்தார் ஐம்பது வருடமாக அந்த ஊரில் ஒரு கிண்ணம் தேநீர்கூடக் குடித்ததில்லை.

மே மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வண்டி வந்தது. கைரொல்லா விடிந்ததிலிருந்து தயாராக இருந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஆடு அறுத்து, சமோவாரில் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தார். கழுத்தில் மனைவி ஜைனேப்பின் சால்வையைச் சுற்றியிருந்தார். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அவருடைய பெயரை இன்னொரு வாய் சொல்லும்.

கோல்யா வண்டியை விட்டு இறங்காமலே கத்தினான். "வணக்கம் ஊரே! என்ன, கொஞ்சம் இளைச்சுட்டே?"

"ஊரு இளைக்கல தம்பி. சட்டை பெருத்துப் போச்சு."

பின்கதவிலிருந்து மருத்துவர் குல்பர்ஷின் இறங்கினாள். பத்தொன்பது வருடமாக வருபவள். முதல் தடவை வந்தபோது அவளுக்கு வகிடு எடுத்த இரட்டைப் பின்னல். இப்போது மூக்குக்கண்ணாடி. படிவத்தைத் தொடைமேல் விரித்துக்கொண்டு, "கைரெக்கே" என்றாள். கைரொல்லா என்ற பெயரை மரியாதையாகச் சுருக்கினால் அப்படித்தான் வரும். "ஆடு மாடு, ஆளுங்க எல்லாம் சுகமா?"

மூன்று வாரமாகப் பெண்குதிரையின் காதில் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்தார். சுகமில்லை தங்கச்சி. இரண்டே சொல். வாயைத் திறந்தார்.

"அல்லா கிருபையில எல்லாம் சுகம்" என்றது வாய்.

அவள் குறித்துக்கொண்டாள். மக்கள்தொகையில் ஏற்றத்தாழ்வு: இல்லை. மூன்று வருடத்துக்கு முன் அந்தக் கட்டத்தில் 'ஐம்பது சதவீதச் சரிவு' என்று எழுத வேண்டியிருந்தது. அது ஜைனேப். அறிக்கையைப் படித்த இயக்குநர் ஓரத்தில் பச்சை மையில் 'ஏற்கத்தக்க அளவு' என்று குறிப்பெழுதினார்.

எடை பார்த்தார்கள். கதிர்வீச்சுமானியைச் சுவரில் வைத்தபோது அது கடகடவென்று கத்தியது. கோல்யா அதன் மண்டையில் ஒரு தட்டு தட்டினான். அடங்கியது. பிறகு இருவரும் வண்டிக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, நகரத்திலிருந்து கொண்டுவந்த டப்பா மீனையும் புட்டித் தண்ணீரையும் எடுத்தார்கள். கைரொல்லா கண்ணாடியைத் தட்டினார்.

"தங்கச்சி, ஆடு அறுத்திருக்கேன். ஒரு வாய் டீயாவது குடிச்சிட்டுப் போ."

"விதி இடம் கொடுக்காதுண்ணே. ஆய்வு நடக்குற இடத்துல சாப்பிடக்கூடாது."

"இது சுத்தமான ஊருதானே?"

"சுத்தமான ஊருதான்."

"அப்புறம் என்ன?"

அவள் படிவத்தைப் புரட்டிப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கு அதில் கட்டம் இல்லை. அப்போது காற்று வந்து ஜைனேப்பின் சால்வையை இழுத்துக்கொண்டு போனது. குல்பர்ஷின் அவர் கழுத்தைப் பார்த்தாள். மீன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்து, விரல்களைத் தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். கைரொல்லா அசையாமல் நின்றார். மூன்று வருடத்தில் அவரை மனித விரல் தொடுவது அதுதான் முதல் தடவை. வலித்தாலும் எடுத்துவிடப் போகிறாளே என்று கவலையாக இருந்தது.

"எத்தனை நாளா?"

அவர் தலையைத் திருப்பிச் சமோவாரைப் பார்த்தார். தேநீருக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

"வண்டில ஏறுங்கண்ணே" என்றாள்.

நகரத்துப் புற்றுநோய் மருத்துவமனையில் ஜன்னல் வழியாக ஒரு பெண் கேட்டாள். "பாதிக்கப்பட்டவரா? பாதிக்கப்படாதவரா?" இவர் ஒப்பீட்டு ஊர்க்காரர் என்று குல்பர்ஷின் விளக்கினாள். பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்த ஜன்னல், பாதிக்கப்படாதவர்களுக்கு அடுத்த ஜன்னல், ஒப்பீட்டுக்கு உரியவர்களுக்கு நோய் வராது என்பதால் ஜன்னல் வைக்கவில்லை, நிலையத்து இயக்குநர் கையெழுத்து போட்டுக் கொடுத்தால் ஜன்னல் திறப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றாள் அந்தப் பெண்.

நிலையத்தில் இயக்குநர் புலாத் ரமசானோவிச் எழுந்து வந்து இரண்டு கைகளாலும் கைரொல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டார். செயலாளர் தேநீர் கொண்டுவந்தாள். கைரொல்லாவுக்கு நம்பிக்கை வந்தது. இன்னும் இரண்டு கிண்ணம்தான்.

"அண்ணே, உங்களப் பார்க்கணும்னு எத்தனை நாளா ஆசை தெரியுமா? என் முனைவர் பட்டமே நீங்கதான். நூத்தி பன்னெண்டு பக்கம், அதுல தொண்ணூறு பக்கம் உங்க ஊரு." கைரொல்லாவின் கழுத்தை மட்டும் பார்க்காமல் மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பேசினார். "ஓடைக்கு அந்தப் பக்கம் ஒண்ணே முக்கால் லட்சம் நோயாளி இருக்காங்க. அவங்க ஏன் நோயாளி? நீங்க சுகமா இருக்கறதால. நீங்க சுகமில்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அவங்க எல்லாரும் உங்கள மாதிரி சாதாரண ஆளா ஆயிடுவாங்க. ஒண்ணே முக்கால் லட்சம் பேரோட நோயை ஒரே நாள்ல பறிக்க உங்களுக்கு மனசு வருமா?"

கைரொல்லாவுக்கு அதைக் கேட்க வருத்தமாக இருந்தது. "நான் யாரோட எதையும் எடுத்ததில்ல" என்றார்.

"எனக்குத் தெரியாதா? அது உங்க கழுத்து இல்லண்ணே. விஞ்ஞானத்தோட கழுத்து."

குல்பர்ஷின் குறுக்கிட்டாள். "சார், அந்தக் கட்டியோட இவர் இந்த வருஷம் தாங்கமாட்டார்."

"யாரு இல்லைன்னா? ஆனா கணக்கைப் பாருமா. ஒருத்தர் இருக்கற ஊர்ல ஒருத்தருக்குக் கட்டின்னா நூறு சதவீதம். உலகத்துலயே இல்லாத அளவு. அதே நாப்பது பேர்ல ஒருத்தருக்குன்னா? ரெண்டரை. தாராளமா கையெழுத்துப் போடலாம். வியாதி பெருசு இல்ல, ஊர்தான் சின்னது." அவர் முகம் மலர்ந்தது. "நம்ம ஊழியர்கள்ல முப்பத்தொன்பது பேரத் தாஸ்குதிக் குடிமக்களாப் பதிஞ்சிடலாம். செப்டம்பர்ல ஐம்பதாவது ஆண்டு விழாவுக்குத் தலைநகர்லேர்ந்து குழு வருது. அவங்க பார்த்து முத்திரை குத்தினதும் உங்களுக்கு மறுநாளே ஆபரேஷன்."

"முப்பத்தொன்பது பேரா?" கைரொல்லா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க ஊருக்கா? குடும்பத்தோடயா?"

"காகிதத்துலண்ணே."

"பேரெல்லாம் இருக்குமில்ல?"

"பேர் இல்லாமலா?"

"அந்தப் பட்டியல ஒரு தடவை குடுப்பீங்களா?"

கொடுத்தார்கள். இரண்டாவது கிண்ணம் வரவில்லை. இயக்குநருக்குக் கூட்டம் இருந்தது.

கோடை முழுக்கக் கைரொல்லா அந்தப் பட்டியலோடு வாழ்ந்தார். கிணற்றடி வீட்டைக் கணக்காளருக்கு ஒதுக்கினார். மாவு மில் பக்கத்து வீடு ஆய்வக உதவியாளர்கள் மூவருக்கு. இளம் பெண்கள், சேர்ந்து இருக்கட்டும். கூரை விழாத வீடுகளில் ஒட்டடை அடித்தார். சாயங்காலங்களில் தெருவில் நடக்கும்போது ஒவ்வொரு வாசலிலும் நின்று பெயரைப் படித்துச் சுகம் விசாரித்தார். கட்டி வாத்து முட்டை அளவு ஆகியிருந்தது. விழுங்கும்போது ரொட்டி பாதி வழியில் நின்று யோசித்தது. ஆனாலும் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஊர்க்காரன் விருந்து வைப்பது முறை. வைக்காதவனோடு அண்டை வீட்டான் முகம் கொடுத்துப் பேச மாட்டான். காகிதத்தில் குடிவந்தவர்களுக்கு விருந்து தேவையில்லை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

செப்டம்பரில் இரண்டு பேருந்துகளில் ஊர்மக்கள் வந்து சேர்ந்தார்கள். காலில் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தார்கள். குழு வருவதற்குள் அதைக் கழற்றச் சொல்லி இயக்குநர் கத்தினார். ஆட்டிடையன் வேடத்துக்குக் கணக்காளரிடம் ஒரு கம்பைக் கொடுத்திருந்தார்கள். அவர் அதைக் குடைபோலக் கையில் மாட்டிக்கொண்டு நின்றார். பிறகு கறுப்பு வண்டியில் குழுத் தலைவர் வந்தார். மெலிந்த மனிதர், நல்ல பசியோடு வந்திருந்தார்.

கைரொல்லா புல்வெளியில் கம்பளம் விரித்து எல்லோரையும் உட்கார வைத்தார். ஊர் காலியானபோது வீடுகளில் விட்டுப் போன கிண்ணங்களைச் சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். நாற்பது பேருக்கும் மேல் பால் தேநீர் ஊற்றினார். தலைமை விருந்தாளிக்கு உரிய மரியாதையாக ஆட்டுத் தலையைத் தட்டோடு குழுத் தலைவர் முன்னால் வைத்தார்.

இயக்குநர் எழுந்தார். "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! இதோ, ஐம்பது ஆண்டுகளாகப் புழுதி படாத மண். இந்தக் கிணற்று நீரைப் போலத் தூய்மையான நீர் இந்த மாநிலத்திலேயே இல்லை. இந்த நீரைக் குடித்து வளர்ந்த மக்களைப் பாருங்கள். எலும்பைப் பாருங்கள். பல்லைப் பாருங்கள். இந்த நீர்தான் எங்கள் விஞ்ஞானத்தின் தாய்ப்பால்!"

"அருமை" என்றார் தலைவர். "குடிங்க, உங்களப் பார்த்து நாங்களும் குடிக்கிறோம்."

இயக்குநர் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். "எனக்கு வயித்துப்புண் சார். டாக்டர் பால் கூடாதுன்னுட்டார்."

தலைவர் கணக்காளரைப் பார்த்தார். கணக்காளருக்குச் சிறுநீரகத்தில் கல். ஆய்வக உதவியாளர் ஒருத்திக்குச் சர்க்கரை. இன்னொருத்திக்குத் தேநீரைக் கண்டாலே தடிப்பு வரும். மூன்றாமவள் பயத்தில் மூன்று நோய்களைச் சொன்னாள். துணை இயக்குநர் தனக்கு இதயம் பலவீனம் என்று சொல்லி அதை நிரூபிக்கக் கம்பளத்திலேயே சாய்ந்தார். குல்பர்ஷினுக்கு ஒற்றைத் தலைவலி என்று இயக்குநரே சொல்லிவிட்டார். தலைவரின் செயலாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் கூட்டிப் பார்த்தார். தாஸ்குதிக் மக்கள்தொகை நாற்பது. நோயாளிகள் முப்பத்தொன்பது.

"சுகமா இருக்கறது யாரு?" என்று கேட்டார் தலைவர்.

விரல்கள் கைரொல்லாவைக் காட்டின.

தலைவர் தன் கிண்ணத்தை எடுத்தார். செயலாளர் அவர் காதில் எதையோ சொன்னார். கிண்ணம் திரும்பக் கம்பளத்துக்கு வந்தது.

கைரொல்லா சமோவாரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பாலில் ஆடை படர்ந்துகொண்டிருந்தது. ஒரு கோடை முழுக்க யாருக்காக ஒட்டடை அடித்தாரோ அவர்கள் எல்லோரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் அவர் மட்டும் இருந்த நாட்களில்கூட இவ்வளவு ஆளில்லாமல் இருந்ததில்லை.

அப்போது கம்பளத்தின் கடைசியில் உறிஞ்சும் சத்தம் கேட்டது. குல்பர்ஷின் குடித்துக்கொண்டிருந்தாள். காலிக் கிண்ணத்தை நீட்டினாள். அவர் ஊற்றினார்.

"இந்த வருஷம் மழை எப்படிண்ணே?" என்றாள்.

"பரவால்ல தங்கச்சி. ஜூன்ல ரெண்டு தடவை."

"விதியை மீறுறீங்கம்மா!" என்றார் இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் இப்ப ஊர்க்காரி சார். பட்டியல்ல பதினாலாவது பேரு." மறுபடி நீட்டினாள். "உங்க அக்கா பையன் கரகண்டாவுலதான் இருக்கானா?"

"அங்கதான். சுரங்கத்துல. லெட்டர் போடறதில்ல."

மூன்றாவது கிண்ணம். அவள் பாதி குடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, காத்திருந்தாள். கைரொல்லா தொண்டையைச் செருமினார். செருமல் வலித்தது.

"தங்கச்சி, கழுத்துல ஒண்ணு இருக்கு. போன வருஷம் பட்டாணி அளவு. இப்ப சாப்பாடு இறங்கல. ஜைனேப்புக்கும் இதே இடம்தான். நாலு வருஷம் நீ வந்து சுகமான்னு கேட்டே. நாலு வருஷமும் அவ சுகம்னா. ஒவ்வொரு தடவையும் டீ போட்டு வெச்சுட்டுதான் உக்காந்திருந்தா." அவர் சமோவாரின் குழாயை மூடினார். "நீ குடிக்கல."

குல்பர்ஷின் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. மீதியையும் குடித்து முடித்தாள்.

செயலாளர் மறுபடி கூட்டினார். நாற்பதுக்கு நாற்பது. "சார், நாட்டுலயே அதிக நோயுள்ள ஊர் இதுதான்" என்றார் மெதுவாக. இயக்குநர் நிறம் மாறினார். துணை இயக்குநர் இந்தத் தடவை நிஜமாகவே சாய்ந்தார்.

குல்பர்ஷின் எழுந்தாள். "சார், ஒரு வழி இருக்கு. இவர நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். இவங்க எல்லாரும் பஸ் ஏறி வீட்டுக்குப் போயிடட்டும். அப்புறம் தாஸ்குதிக்ல எத்தனை பேரு?"

"யாருமில்ல" என்றார் தலைவர்.

"எத்தனை பேருக்கு நோய்?"

இயக்குநரின் முகத்தில் நிறம் திரும்பிவர ஆரம்பித்தது. "பூஜ்யம்" என்றார், பக்தியோடு. "தலைவரே, கவனிங்க! முழுக்க முழுக்க ஆரோக்கியமான மக்கள்தொகை! இருமல் இல்ல, தும்மல் இல்ல, புகார் இல்ல. இனிமே எந்தக் காலத்துலயும் கெட்டுப்போகாது. ஐம்பது வருஷ ஆராய்ச்சியில இப்பதான் சரியான ஒப்பீட்டு ஊரு கிடைச்சிருக்கு!" தலைவர் அங்கேயே ஆட்டுத் தலைக்குப் பக்கத்தில் வைத்து முத்திரையைக் குத்தினார். கைரொல்லாவின் அனுமதிக் கடிதத்தில் இயக்குநர் சந்தோஷமாகக் கையெழுத்திட்டார். காரணம் என்ற இடத்தில் 'குடிபெயர்வு' என்று எழுதினார்.

ஆடுகளையும் பெண்குதிரையையும் ஓடைக்கு அந்தப் பக்கத்து மேய்ப்பனிடம் விட்டார்கள். வண்டி கிளம்பும்போது கோல்யா எதுவும் கேலி பேசவில்லை. "ஏறு, கைரெக்கே" என்றான்.

அடுத்த மே மாதம் கைரொல்லா நகரத்தில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் ஓர் அறையில் இருந்தார். மருத்துவமனைக்கு நடந்துபோகும் தூரம். கழுத்தில் காதிலிருந்து காதுவரை தையல் தழும்பு. கட்டி போயிருந்தது, அதோடு குரலில் பெரும்பகுதியும் போயிருந்தது. அந்தக் கட்டடத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். படிக்கட்டில் யாரும் யாரையும் எதுவும் விசாரிப்பதில்லை. அவர் இறங்கும்போது அவர்கள் சுவர்ப்பக்கம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஒரு மத்தியானம் குல்பர்ஷின் வந்தாள். அவளைக் களப்பணியிலிருந்து ஆவண அறைக்கு மாற்றியிருந்தார்கள். அந்த வருடத்து அறிக்கை அங்கே வந்திருந்தது. அவள் உரக்க வாசித்தாள்.

"'மே மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை குழு தாஸ்குதிக் சென்றது. மக்கள்தொகை: பூஜ்யம். எடை: மாற்றமில்லை. உடல்நலப் புகார்கள்: இல்லை. மக்களின் ஒத்துழைப்பு: மிக நன்று.'"

கைரொல்லா சத்தமில்லாமல் சிரித்தார். தழும்பு இழுத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். அவளும் சிரித்தாள்.

சிரிப்பு நின்ற பிறகு அவள் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

"அண்ணே, அங்க நாப்பத்தொரு வீடு இருந்துச்சில்ல. யாரு யாரு இருந்தாங்க, யாருக்கு என்ன ஆச்சுன்னு சொல்றீங்களா?"

"இதையெல்லாம் எந்தக் கட்டத்துல எழுதுவே?" என்று அவர் முணுமுணுத்தார்.

"கட்டம் போடல. வெறும் தாள்தான்."

அவர் நோட்டைத் திருப்பிப் பார்த்தார். உண்மைதான், கோடுகூட இல்லை. குரல் எட்டாததால் அவள் நாற்காலியை இழுத்து, காதை அவர் வாயருகே கொண்டுவந்தாள்.

"கிணத்தடி வீடு" என்று ஆரம்பித்தார் கைரொல்லா. "ஏழு பேர். மூத்தவ பேரு அல்திங்குல். நல்லாப் பாடுவா."